கழுத்துக்கு மேலே, கழுத்துக்குக் கீழே

ஜூன் 17

விதைப்பு இன்றும் நடக்கவில்லை. விதை இருக்கிறது, உழுத நிலம் இருக்கிறது, மண்ணில் ஈரம்கூட இருக்கிறது. கையெழுத்துதான் இல்லை.

இந்தச் சோளத்தை விதைக்க இரண்டு துறைகளின் கையெழுத்து வேண்டும். சாதாரணச் சோளம் இல்லை இது. தண்டு கரும்பு மாதிரி இனிக்கும் ரகம். தண்டைப் பிழிந்து, சாற்றைப் புளிக்கவைத்து வடித்தால் எரிபொருள். கதிரை அடித்தால் உணவு. ஒரே செடியில் இரண்டும் கட்டுப்படியாகுமா என்று பார்ப்பதுதான் பரிசோதனை. இரண்டு துறைகளும் சேர்ந்து நடத்துகின்றன. சேர்ந்து என்றால், செடியைப் பாகம் பிரித்துக்கொண்டு. கதிர் தண்டோடு சேரும் இடத்துக்குக் கழுத்து என்று பெயர். கழுத்துக்கு மேலே உணவுத் துறை, கழுத்துக்குக் கீழே எரிசக்தித் துறை. ஒப்பந்தத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. கழுத்து யாருக்கு என்று எழுத மறந்துவிட்டார்கள்.

நான் உணவுத் துறையிலிருந்து எரிசக்தித் துறைக்கு இரவல் கொடுக்கப்பட்டவள். எந்தத் துறை என்று யாராவது கேட்டால் கழுத்து என்று சொல்லலாம்.

விதை யாருடைய பொறுப்பு என்பதில் இப்போது தகராறு. கதிரிலிருந்து வந்தது, அதனால் மேலே. தண்டாகப் போவது, அதனால் கீழே. நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு ஒன்றும் அவசரம் இல்லை.

ஏன் இல்லை என்பதை இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன். சோதனை வெற்றி பெற்றால் திட்டம் இன்னும் மூன்று வருடம் ஓடும், நானும் இந்தப் பண்ணையிலேயே ஓட வேண்டும். தோற்றால் மூட்டை கட்டிவிட்டு என்னைத் தலைமையகத்துக்கு அனுப்பிவிடுவார்கள். தலைமையகத்திலிருந்து என் வீடு நடக்கிற தூரம். மகளுக்குப் பள்ளியில் இது கடைசி வருடம். அடுத்த ஜூனில் எந்த ஊர்க் கல்லூரிக்குப் போகிறாளோ தெரியாது. அதற்கு முன்னால் சில மாதமாவது அவளோடு ஒரே வீட்டில் இருக்க வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியது. ஆகவே இந்தச் சோளம் விளையக் கூடாது.

படித்த படிப்புக்கு எழுதுகிற வாக்கியமா இது?

ஜூன் 21

இரண்டு கையெழுத்தும் வந்தன. விதைத்துவிட்டோம்.

பண்ணை மேற்பார்வையாளர் காலையில் அண்ணாந்து பார்த்து, "சாயங்காலம் நல்ல மழை இருக்கு மேடம். விதைச்ச கையோட நனைஞ்சிடும்" என்றார். இவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் வானிலை. தினமும் டீ டம்ளரோடு அலுவலக வாசலில் நின்று அறிக்கை வாசிப்பார். நான் வந்து ஒன்றரை வருடமாகிறது, ஒருநாள்கூடப் பலித்ததில்லை. மனிதர் சளைத்ததும் இல்லை. சாயங்காலம் சுள்ளென்று வெயில் அடித்தது.

ஜூன் 28

முளைத்துவிட்டது. ஒரு குழி பாக்கியில்லை. முளைக்காத இடத்தில் மறுபடி போடலாம் என்று எடுத்து வைத்த விதை பையோடு அப்படியே கிடக்கிறது. எனக்கென்று வாய்ப்பதெல்லாம் இப்படித்தான்.

ஜூலை 9

களை மண்டிவிட்டது. யார் ஆள் அனுப்புவது என்று கேட்கப் போன் செய்தேன்.

உணவுத் துறை இயக்குநர் ஒரு அம்மையார். என் கணக்கில் அவர் கதிர்க்காரம்மா. "களை எங்க வளருதும்மா? தரையில. தரை கழுத்துக்குக் கீழதானே?" என்றார்.

எரிசக்தித் துறை இயக்குநர் தண்டுக்காரர். "களை இருந்தா மணிதான் சிறுக்கும். தண்டு அது பாட்டுக்கு வளரும். அவங்களையே கேளுங்க" என்றார்.

இருவரும் ஒரே கட்டடத்தில் அடுத்தடுத்த மாடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். பேசிக்கொள்வது என் வழியாக. நான் இருப்பது அரை நாள் பயணத் தூரத்தில்.

நல்லதாகப் போயிற்று என்று போனை வைத்தேன். களை மூடினால் பயிர் நோஞ்சானாகும், என்மேல் யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். நிம்மதியாக வயல் பக்கம் காலாற நடந்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் குந்தி உட்கார்ந்து களை பிடுங்கிக்கொண்டிருக்கிறேன். வேலையாட்களும் ஒவ்வொருவராக வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். பொழுது சாய்வதற்குள் பாதி வயல் சுத்தம். இந்தக் கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. நாளைக்கு மீதிப் பாதி.

ஜூலை 27

மழை என்பதே கிடையாது. வானிலை தினமும் மழை சொல்கிறார், அதனால் எனக்குக் கவலையில்லை. பக்கத்து வயல்காரரின் மக்காச்சோளம் தலை தொங்கிவிட்டது. பாவம், வரப்பில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் சோளமும் இலையைச் சுருட்டிக்கொண்டுவிட்டது. சரி, முடிந்தது கதை என்று நினைக்கலாம். முடியாது. வறட்சி வந்தால் சோளம் சாகாது, வளர்வதை நிறுத்திவிட்டுச் சும்மா காத்திருக்கும். தண்ணீர் கிடைத்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். கல்லூரியில் இதைப் பற்றி நான் பரீட்சையில் ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறேன். அப்போது எவ்வளவு பெருமையாக எழுதினேன்.

வீட்டுக்காரர் போன் செய்தார். பல் டாக்டர், நாள் முழுக்க மற்றவர்கள் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு இவர் மட்டும் பேசிப் பழகியவர். போனிலும் அப்படித்தான்.

"உன் பொண்ணு இன்னிக்கும் சரியா சாப்பிடல. படிக்கிறேன்னு கதவைச் சாத்திக்கிறா. உன்கிட்ட ஏதாவது சொன்னாளா?"

"என்கிட்ட 'ம்' சொன்னா."

"எனக்கு அதுவும் இல்ல" என்றார். இதில் ஒரு அற்பச் சந்தோஷம் எனக்கு.

ஆகஸ்ட் 3

மழை இல்லை. மகளோடு போன்: நான் கேட்ட எல்லாவற்றுக்கும் "ம்".

ஆகஸ்ட் 14

மழை வந்தே விட்டது. வானிலை நேற்றுத்தான் "இனி இந்த மாசம் அவ்வளவுதான் மேடம்" என்றிருந்தார். சுருண்டிருந்த இலையெல்லாம் விரிந்து, செடி கண்ணெதிரே உயர்கிறது. பக்கத்து வயல்காரரின் மக்காச்சோளத்துக்கு இந்த மழை காலம் கடந்து வந்தது.

இன்று நடுக் குருத்தில் புழு பார்த்தேன். பத்துப் பதினைந்து செடிகளில் இருக்கும். இதை அப்படியே விட்டால் இரண்டு வாரத்தில் தண்டைக் குடைந்துவிடும். அறிக்கையில் "பூச்சித் தாக்குதல்" என்று ஒரு வரி எழுதலாம். யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். புழுவுக்குத் துறை கிடையாது.

விட்டேனா? குருத்து குருத்தாகப் பிரித்து, புழுவை எடுத்து நசுக்கிவிட்டுத்தான் மறுவேலை. விரல் நுனியெல்லாம் பச்சை. ஏன்டி இப்படி இருக்க? வீட்டுக்குப் போகணுமா வேண்டாமா உனக்கு?

ஆகஸ்ட் 31

கதிர் வந்துவிட்டது. வரிசை பிசகாமல் நிற்கிறது. இன்று இரண்டு இயக்குநர்களும் வந்து போனார்கள், தனித்தனியாக.

காலையில் கதிர்க்காரம்மா. வயலுக்குள் நுழைந்ததிலிருந்து கழுத்துக்குக் கீழே ஒரு முறையும் பார்க்கவில்லை. அண்ணாந்தபடியே நடந்ததில் வாய்க்காலில் கால் வைத்துவிட்டார். செருப்பைக் கழுவக் கொடுத்துவிட்டு, "நல்லா முத்தவிடணும். கல்லு மாதிரி காஞ்சப்புறம்தான் அறுக்கணும். அவர் அவசரப்படுத்துவார், விட்டுடாதீங்க" என்றார்.

மதியம் தண்டுக்காரர். இவர் கழுத்துக்கு மேலே பார்க்கவில்லை. சாவியால் தண்டைத் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டார். பிறகு ஒன்றை முறித்துக் கடித்தார். முகம் மலர்ந்துவிட்டது. கூட வந்தவர்களும் ஆளுக்கொன்று முறித்தார்கள். நான் சர்க்கரை அளக்கக் குறித்து வைத்திருந்த மாதிரிச் செடிகளாகப் பார்த்து முறித்தார்கள். "மணி முத்த ஆரம்பிச்சா தண்டுல இருக்கிற இனிப்பெல்லாம் மேல போயிடும். அதுக்கு முன்னாடி வெட்டிடணும். அந்தம்மா இழுத்தடிப்பாங்க, விட்டுடாதீங்க" என்றார்.

இருவரிடமும் "சரி" என்றேன். என் அபிப்பிராயத்தை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்: இருவருக்கும் பொதுவாக ஒரு சமயம் உண்டு. மணியின் அடியில் ஒரு கருப்புப் புள்ளி விழும். அது விழுந்துவிட்டால் மணி முற்றிவிட்டது, இனி அறுத்துப் போட்டு வெயிலில் காயவைக்கலாம். தண்டிலும் அப்போது இனிப்பு குறைந்திருக்காது. ஒரு வாரம் அப்படி நிற்கும். அதற்குள் வெட்டி உடனே பிழிந்தால் இரண்டும் கிடைக்கும்.

கேட்கவில்லை, சொல்லவில்லை. எனக்கு வேண்டியதும் அதுதானே.

செப்டம்பர் 12

அறுவடைத் தேதிக்கான கூட்டம். தலைமையகத்தில் நடந்தது. எனக்கு வீட்டில் ஒரு வேளைச் சாப்பாடு லாபம்.

முற்றுவதற்கு முன்பா பின்பா என்று காலை முழுக்கப் பேசினார்கள். மதியம் வேறொரு சிக்கல் முளைத்தது. ஒருவர் இல்லாதபோது மற்றவர் வெட்டினால் கழுத்தை எங்கே வைத்து வெட்டுவார்? ஒரு சாண் மேலே போனால் தண்டு எடை கூடும், கீழே போனால் கதிர் எடை கூடும். ஆகையால் இரண்டு இயக்குநர்களும் நேரில் நின்று, அவர்கள் முன்னிலையில்தான் அறுவடை. இதில் மட்டும் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. பிறகு இருவரும் அவரவர் காலண்டரை எடுத்துப் புரட்டினார்கள். இருவருக்கும் ஒழிந்த நாள் அக்டோபர் 20.

அக்டோபர் 20. அதற்குள் மழைக்காலம் தொடங்கிவிடும். கதிர் பூசணம் பிடிக்கும். மிச்சத்தைக் குருவிகள் பார்த்துக்கொள்ளும். தண்டு சாய்ந்து சாறு தண்ணீராகும். கீழே மேலே என்று சண்டை போட எதுவும் இருக்காது.

"உங்களுக்கு ஏதாவது சொல்லணுமா?" என்று தண்டுக்காரர் என்னைக் கேட்டார். முதல் தடவையாக.

"ஒண்ணுமில்ல சார்" என்றேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, நவம்பரில் மகளுக்கு என்னென்ன சமைத்துக் கொடுக்கலாம் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். யோசனை ஓடவில்லை.

செப்டம்பர் 26

மகள் வந்திருக்கிறாள். பள்ளி விடுமுறை. புத்தகப் பை ஒன்று, துணிப் பை ஒன்று. புத்தகப் பைதான் பெரியது. அவளுடைய அப்பா பஸ் ஏற்றிவிட்டு, "உன் பொண்ணை உன்கிட்ட அனுப்பியிருக்கேன், நீயாச்சு அவளாச்சு" என்று போன் செய்தார். வம்பு செய்கிற நாட்களில் அவள் என் பொண்ணு, வம்பு செய்யாத நாட்களில் எங்க பொண்ணு, பரீட்சையில் முதல் மதிப்பெண் வாங்கினால் அவர் பொண்ணு.

சாயங்காலம் வயலுக்கு வந்தாள். ஒரு தண்டை உரித்துக் கொடுத்தேன். மென்றுகொண்டே வரப்பில் நடந்தாள். "நல்லாருக்கு" என்றாள். "ம்" தவிர வேறு சொல் கேட்டு எவ்வளவு நாளாயிற்று. இன்னொன்று உரித்துக் கொடுத்தேன்.

செப்டம்பர் 29

சர்க்கரை அளக்கும் கருவியை அவளிடம் கொடுத்திருந்தேன். ஒரு சொட்டுச் சாறு விட்டு வெளிச்சத்தில் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு நாளாக அவள்தான் பார்க்கிறாள், நான் எழுதுகிறேன். இன்று எண்ணைச் சொல்லிவிட்டுக் கேட்டாள்.

"எப்போம்மா அறுப்பீங்க?"

"இருபதாம் தேதி."

"மழை வந்துடாதா?"

"வரும்."

"கெட்டுப் போயிடாதா?"

"போகும்."

கருவியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தாள். "அப்போ யார்கிட்டயாவது சொல்ல வேண்டாமா? நீ சொன்னியா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டு வரவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இது கெட்டால் திட்டத்தை மூடுவார்கள், நான் வீட்டுக்கு வரலாம், உன்னோடு இருக்கலாம் என்று. சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அந்த அளவுக்கு மண்டு நான்.

"என்னைக் காரணம் காட்டாத" என்றாள். "இங்க வரும்போதும் எனக்காகத்தான்னு சொன்ன. பிரமோஷன் வரும், என் படிப்புக்கு உதவும்னு. இப்போ இதைக் கெட விடுறதும் எனக்காகவா? நாளைக்கு நான் உன்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசினா, உனக்காக ஒரு வயலையே விட்டேன்னு சொல்லுவ. எனக்கு வேண்டாம்மா."

கருவியைத் துடைத்து உறையில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். கோபத்திலும் துடைத்துக் கொடுக்கிறாள். அது என்னிடமிருந்து வந்திருக்க வேண்டும்.

செப்டம்பர் 30

இன்று "ம்" கூட இல்லை.

அக்டோபர் 3

நேற்று மாலை நாலைந்து கதிர்களிலிருந்து மணி எடுத்து நகத்தால் பிளந்து பார்த்தேன். கருப்புப் புள்ளி விழுந்திருந்தது. பார்க்காமல் இருந்திருக்கலாம், பார்த்தாயிற்று.

இன்று காலை வானிலை டீ டம்ளரோடு நின்றார். மேற்கே கையைக் காட்டி, "பத்து நாளைக்கு ஒரு சொட்டு இல்ல மேடம். எழுதி வேணா தரேன்" என்றார்.

அப்படியென்றால் மழை நிச்சயம். இவர் இத்தனை உறுதியாகச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

"ஆளெல்லாம் கூப்பிடுங்க. அறுத்துடலாம்" என்றேன்.

"இருபதாம் தேதின்னு..."

"என் பொறுப்பு. உங்ககிட்ட கேட்டா, மேடம் சொன்னாங்கன்னு சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னும் சேர்த்துச் சொல்லுங்க."

"அது எப்பவும் சொல்றதுதான் மேடம்" என்று ஆள் கூப்பிடப் போனார்.

மகள் வந்து நின்றாள். துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொண்டு கதிர் கட்டுகிறவர்களோடு சேர்ந்துகொண்டாள். முதல் செடியை நான் வெட்டினேன், அடியோடு, ஒரே வெட்டு. பிறகு கதிரைக் கிள்ளி எடுத்தேன். கழுத்து எந்தப் பக்கம் போயிற்று என்று நான் கவனிக்கவில்லை.

ஓர வரிசைகளை மட்டும் வெட்டவில்லை. வயலைச் சுற்றிப் போடும் அந்த வரிசைகள் காற்றையும் வெளிச்சத்தையும் தனியாக வாங்கிக் கொழுப்பவை. அதனால் அவை சோதனைக் கணக்கில் சேராது. கணக்கில் சேராததைத் தொட எனக்கு மனம் வரவில்லை. ஒழுங்கு மீறும்போதும் ஒழுங்காகத்தான் மீற வருகிறது எனக்கு.

அக்டோபர் 4

இரவுக்குள் பிழிந்துவிட வேண்டும் என்று நேற்று இருட்டும் வரை இயந்திரம் ஓடியது, இன்று காலை மீதி. வெட்டிய தண்டை வைத்திருந்தால் சாறு கெட்டுவிடும். பீப்பாய்கள் போதாமல் சமையலறை அண்டாவில் பிடித்தோம். கதிர்கள் தார்ப்பாயில் காய்கின்றன. எடை போட்டது நான், எண் சொன்னது மகள், எழுதியது வானிலை. இப்படி விளைந்து நான் பார்த்ததில்லை. மேலேயும் சரி, கீழேயும் சரி.

மகள் முழங்கை வரை பிசுபிசுப்பு. குளித்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "உனக்கு என்ன ஆகும்?" என்று கேட்டாள்.

"நல்லா விளைஞ்சிருக்கு. அதனால இன்னும் மூணு வருஷம் இங்கதான்."

ஈரத் தலையைத் துவட்டினாள். "அப்போ நான் லீவுக்கெல்லாம் இங்க வரேன்" என்றாள்.

அழுதுவிட்டேன். களைப்புதான் காரணம் என்று அவளிடம் சொன்னேன்.

அக்டோபர் 6

மழை. கொட்டு கொட்டென்று கொட்டுகிறது. வானிலை குடை பிடித்துக்கொண்டு வந்து, "இது மழைக் கணக்குல வராது மேடம்" என்றார். கதிரெல்லாம் கொட்டகைக்குள் பத்திரம். மகளை மதிய பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஜன்னல் வழியாக ஏதோ சொன்னாள், மழையில் கேட்கவில்லை. தலையை ஆட்டினேன்.

அக்டோபர் 20

நான் முன்பே இருவருக்கும் போன் செய்து அறுத்துவிட்டேன் என்று சொல்லியிருந்தேன். இருவரும் நம்பவில்லை. நிகழ்ச்சி ஏற்பாடாகிவிட்டது, போட்டோகிராபருக்கும் சொல்லியாயிற்று, ஆகவே வந்தார்கள்.

அறுத்த அடித்தாளின் நடுவே கொஞ்ச நேரம் நின்றார்கள். பிறகு ஓர வரிசைகள் அவர்கள் கண்ணில் பட்டன. மழையில் சாய்ந்து, கதிரைக் குருவிகள் உருவிப் போட்ட செடிகள். இருவரும் ஆளுக்கொரு அரிவாளோடு குனிந்து அவற்றில் ஒன்றை வெட்டினார்கள். படம் எடுத்தார்கள். கழுத்து இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை என்பதால் சண்டைக்கு வழியில்லாமல் போயிற்று.

விளைச்சல் கணக்கைக் காட்டினேன். கதிர்க்காரம்மா கதிர்ப் பக்கத்தை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தண்டுக்காரர் சாற்றுக் கணக்கை இரண்டு தடவை வாசித்தார். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முன்னே பின்னே பழக்கமில்லாதவர்கள் ஒரே வீட்டில் சந்தித்துக்கொண்ட மாதிரி இருந்தது.

"யார் முன்னிலையில எடை போட்டீங்க?" என்றார் தண்டுக்காரர்.

"என் பொண்ணு முன்னிலையில."

"அவங்க எந்தத் துறை?" என்று கதிர்க்காரம்மா கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார்.

நவம்பர் 2

விசாரணை. இரண்டு துறைகளும் இல்லாமல் செய்த அறுவடை, அறுவடை ஆகாது. அதனால் அந்த விளைச்சலும் விளைச்சல் ஆகாது. ஓர வரிசையில் கிடைத்ததுதான் அதிகாரபூர்வமான முடிவு. அது போதவில்லை என்பதால் திட்டத்தை நீட்டித்து, அடுத்த வருடமும் செய்து பார்க்கப் போகிறார்கள். அறுவடையைக் கருப்புப் புள்ளி விழுந்ததும் செய்வது என்று இரு துறைகளும் கலந்து பேசிக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

என் மேல் குற்றம் நிரூபணமானது. நான் மறுக்கவும் இல்லை. தண்டனை என்ன என்று ஆலோசித்துவிட்டுக் கூப்பிட்டார்கள். என்னை வயல் வேலையிலிருந்து நீக்கித் தலைமையகத்தின் பழைய ஆவண அறையில் போடுகிறார்களாம்.

"வருத்தமாத்தான் இருக்கு. ஆனா வேற வழியில்ல" என்றார் கதிர்க்காரம்மா.

எனக்கு முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தரையைப் பார்த்தேன். அதை அவமானம் என்று எடுத்துக்கொண்டார்கள். அவமானமும் இருந்தது. அத்தனை நல்ல விளைச்சலை இல்லை என்று எழுதிவிட்டார்களே என்று மனம் ஆறவில்லை. வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்து இரண்டுக்கும் சேர்த்து ஒரு மூச்சு விட்டேன்.

நவம்பர் 11

வீடு. என் அலமாரியில் பல் டாக்டரின் பழைய பத்திரிகைகள் குடியேறியிருக்கின்றன. "நீ வர மூணு வருஷமாகும்னு சொன்னியே" என்கிறார்.

மகள் யாரோ தோழியிடம் போனில், "எங்கம்மாவுக்குப் பனிஷ்மெண்ட். அதான் வீட்டுல இருக்காங்க" என்றாள். கர்வமாகத்தான் சொன்னாள்.

டிசம்பர் 8

ஆவண அறையில் தூசி, கரப்பான், நான். வேலை ஐந்து மணிக்கு முடிகிறது. ஐந்தரைக்கு வீட்டில் இருக்கிறேன். மகள் டியூஷன் முடிந்து வரும்போது கதவைத் திறப்பது நான். அவள் எப்போதும் பேசுகிறாள் என்று சொல்ல முடியாது. சில நாள் ஒன்றுமே இல்லை. நேற்று உப்பு போதவில்லை என்று ஒரு சண்டை, தலை வாரிவிடவா என்றதற்கு ஒரு சண்டை. பக்கத்து அறையில் அவள் பாடத்தை முணுமுணுப்பது கேட்கிறது. எனக்கு அது போதும்.

வயலை நினைக்காமல் இல்லை. புது அதிகாரி அறுத்த தாளுக்குத் தண்ணீர் விட்டாரா, அதிலிருந்து மறுதாம்பு துளிர்த்ததா என்று வானிலைக்குப் போன் செய்து கேட்டேன். "அவர் யார் தண்ணி விடணும்னு கேட்டு ரெண்டு துறைக்கும் எழுதியிருக்கார் மேடம்" என்றார்.

ஜனவரி 19

சாயங்காலம் கதிர்க்காரம்மா போன் செய்தார். குரலில் தேன்.

"புது ஆள் சரிப்பட்டு வரல. ஜூன் விதைப்புக்கு இப்பவே ஏற்பாடு பண்ணணும். பழசையெல்லாம் மறந்துடுங்க. உங்க தண்டனையை இந்த மாசத்தோட முடிச்சு, மறுபடி பண்ணைக்கே அனுப்பலாம்னு இருக்கேன். அவரும் சரின்னுட்டார். நாங்க ரெண்டு பேரும் உடனே ஒத்துக்கிட்ட விஷயம் இது ஒண்ணுதான்."

ஜூனுக்கு இன்னும் எத்தனை மாதம் இருக்கிறது என்று விரலை மடக்காமலே தெரிந்தது.

"மேடம், அது சரியா வராது" என்றேன்.

"ஏம்மா?"

"நான் செஞ்சது சின்னத் தப்பு இல்ல மேடம். ரெண்டு துறை சேர்ந்து எடுத்த முடிவை மீறியிருக்கேன். கழுத்து எங்கன்னுகூடப் பார்க்காம கதிரைக் கிள்ளியிருக்கேன். இவ்வளவு சீக்கிரம் மன்னிச்சா நாளைக்கு வேற யாராவது இதையே செய்வாங்க. எனக்கு மனசு ஒப்பல."

"எவ்வளவு காலம் இருக்கணும்னு நீங்களே நினைக்கிறீங்க?" என்று மெல்லக் கேட்டார்.

"ஜூன் வரைக்குமாவது."

"உங்களை மாதிரி மனசாட்சி உள்ளவங்க இந்தக் காலத்துல அபூர்வம்மா" என்றார். தண்டுக்காரரிடமும் பேசி எழுத்தில் அனுப்புவதாகச் சொன்னார். நன்றி சொன்னேன். என் வாழ்க்கையில் எந்த மேலதிகாரிக்கும் இவ்வளவு மனதார நன்றி சொன்னதில்லை.

மகள் சாப்பாட்டு மேஜையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"யாரும்மா?"

"ஆபீஸ். என் தண்டனையை ஜூன் வரைக்கும் நீட்டிச்சுட்டாங்க."

அவள் நிமிரவில்லை. பக்கத்து நாற்காலியில் குவித்து வைத்திருந்த புத்தகங்களை எடுத்துத் தரையில் வைத்தாள். நான் போய் உட்கார்ந்தேன்.